முடிவைக் கீழே விடும்போது தளபதிகள் செய்யும் தவறுகள்

களத்தில் நிற்பவரே முடிவெடுக்கட்டும் என்று விடுவது நல்ல வழிதான். ஆனால் ‘பார்த்துச் செய்’ என்று சொன்னதோடு தன் வேலை முடிந்தது என்று மேலே இருப்பவர் நினைத்துவிடுகிறார். பெரிய தவறு அங்கேதான் நடக்கிறது.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1863 ஜூலை 1 மாலை, கெட்டிஸ்பர்க். தோற்றுப் பின்வாங்கிய வடக்குப் படை, ஊருக்குத் தெற்கே செமட்ரி குன்றில் மறுபடி திரண்டுகொண்டிருந்தது. தெற்குப் படையின் தலைவர் ராபர்ட் லீ, தளபதி யூவலுக்குச் சொன்னது இது: முடிந்தால் குன்றைப் பிடியுங்கள், ஆனால் மற்ற டிவிஷன்கள் (பெரிய படைப்பிரிவுகள்) வரும்வரை பெரிய சண்டையில் இறங்காதீர்கள். யூவல் தயங்கினார். குன்று கடைசிவரை வடக்கின் கையிலேயே இருந்தது.

பழி யூவல்மேல் விழுந்தது. அது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. போ என்றும் போகாதே என்றும் ஒரே மூச்சில் சொன்னால் அவர் எதை எடுத்துக்கொள்வார்? லீயிடம் யூவலுக்கு முன் இருந்த தளபதி ஸ்டோன்வால் ஜாக்சன். கோடி காட்டினாலே புரிந்துகொள்பவர். அந்த மே மாதம் அவர் இறந்துவிட்டார். அவர் இடத்துக்கு வந்து சில வாரங்களே ஆன யூவலிடமும் லீ அதே பாணியில் பேசினார். ஆள் மாறினால் உத்தரவு கொடுக்கும் விதமும் மாற வேண்டும்.

பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் செய்தது வேறு. டிரஃபால்கர் கடற்போருக்கு முன்பே கேப்டன்களைத் தன் கப்பலுக்கு விருந்துக்கு அழைத்துத் திட்டத்தை விளக்கினார். அப்புறம் 1805 அக்டோபர் 9 அன்று எழுத்திலும் கொடுத்தார்: சைகைக் கொடி தெரியாமல் போனால், எதிரிக் கப்பலை ஒட்டித் தன் கப்பலை நிறுத்தும் கேப்டன் பெரிய தப்பு செய்துவிட முடியாது. அக்டோபர் 21 அன்று சண்டை நடுவே அவர் குண்டடிபட்டு விழுந்தார், சண்டை நிற்கவில்லை. பிரிட்டனின் 27 கப்பல்கள் பிரான்ஸ், ஸ்பெயின் தரப்பின் 33 கப்பல்களை எதிர்த்தன. பிரிட்டிஷ் தரப்பு ஒரு கப்பலைக்கூட இழக்கவில்லை.

வசதி கூடினாலும் தவறு வரும். வியட்நாம் போரில் காட்டுக்குள் சண்டையிட்ட அமெரிக்கக் கம்பெனி (சிறு படைப்பிரிவு) கமாண்டரை, மேலதிகாரிகள் தலைக்கு மேலே ஹெலிகாப்டரில் சுற்றியபடி ரேடியோவில் இயக்கினார்கள். மரங்களுக்கு அடியில் நடப்பது மேலிருந்து தெரியாது.

இன்னொன்று, துணிந்தவரைத் தண்டிப்பது. 1797-இல் செயின்ட் வின்சென்ட் முனைக் கடற்போரில், ஜெர்விஸின் கீழ் இருந்த நெல்சன் உத்தரவில்லாமல் கப்பல் வரிசையை விட்டு விலகி எதிரியை மறித்தார். அட்மிரல் ஜெர்விஸ் அவரைப் பாராட்டினார். அன்று விசாரணையில் நிறுத்தியிருந்தால், அடுத்த போரில் மற்ற கேப்டன்கள் கொடியையே பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள்.