கம்பி நுனியில் ஒரு இலை

உலையில் காய்ச்சி இரும்பு இலை அடிக்க 12 மில்லிமீற்றர் சதுர இரும்புக் கம்பி போதும். துத்தநாகம் பூசிய கல்வனைஸ் கம்பியை உலையில் வைக்கவே வைக்காதீர்கள், துத்தநாகப் புகை நஞ்சு.

சிரட்டைக்கரி உலையில் நுனி மஞ்சளாகும் வரை காய்ச்சி, முதலில் கூராக அடியுங்கள். அப்புறம் கூரிலிருந்து மூன்று, நான்கு சென்ரிமீற்றர் பின்னால், பட்டடை (இரும்பை வைத்து அடிக்கும் இரும்புக் கட்டை) விளிம்பில் சுத்தியல் பாதி உள்ளே பாதி வெளியே விழும்படி, கம்பியைத் திருப்பித் திருப்பி அடித்தால் அந்த இடம் ஒடுங்கிக் கழுத்து விழும். சற்று உருண்ட விளிம்பையே தேடுங்கள், கூர் விளிம்பில் அடித்த கழுத்து பிறகு முறிந்துவிடும். கழுத்துக்குப் பின்னால் உள்ளதை நீட்டி உருட்டினால் காம்பு.

முன்னால் நிற்கும் கட்டியைத் தட்டையாக்கி, குறுக்குவாய்ச் சுத்தியலால் (ஒரு முனை கைபிடிக்குக் குறுக்கே ஆப்புப் போல் மெலிந்தது) நடுவிலிருந்து ஓரத்துக்கு விரித்தால் வெற்றிலை மாதிரி அகலும். எனக்கு என்னவோ வால் நீண்ட அரசிலைதான் அழகு. மெலிந்த ஓரம் சட்டென எரிந்துவிடும், கண்ணை எடுக்காதீர்கள்.

நரம்புக்கு மழுங்கிய உளி, நடு நரம்பு முதலில். வளைவை மரக்கட்டையில் வைத்துத் தட்டுங்கள், இரும்பில் தட்டினால் நரம்பு அழியும்.

கம்பித் தூரிகையால் தேய்த்து, சூடு ஆறுமுன் தேன்மெழுகு பூசலாம். மட்டக்களப்புக் கடலோரத்துக் கல்லடிப் பக்கம் வெளிக்கேற்றுக்கு என்றால் மெழுகு காணாது, அந்த உப்புக்காற்றுக்குத் துத்தநாக அடிப்பூச்சும் அதன்மேல் பெயின்றும் வேண்டும்.