ட்ஸாட்ஸிகி நீர்த்துப் போவது எதனால்?

கலக்கி வைக்கும்போது வெண்ணெய் போலக் கெட்டியாக இருக்கும். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் கிண்ணத்தின் ஓரமெல்லாம் தண்ணீர் பிரிந்து நிற்கும். வீட்டில் ட்ஸாட்ஸிகி செய்கிறவர்களுக்கு முதலில் வரும் சிக்கல் இதுதான். கிரேக்கர்கள் சூவ்லாக்கி (கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சி), யீரோ (சுழலவிட்டுச் சுட்டுச் சீவிய இறைச்சி), பீட்டா ரொட்டி எல்லாவற்றுக்கும் தொட்டுக்கொள்ளும் இந்தத் தயிர்-வெள்ளரி சாஸில் கெட்டுப்போகிற இடங்கள் பெரும்பாலும் தண்ணீரைச் சுற்றியே இருக்கின்றன.

நான்கைந்து பேருக்கு அளவு இது: வடிகட்டிய கெட்டித் தயிர் 500 கிராம், வெள்ளரிக்காய் 300 கிராம், பூண்டு 2 பல், எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் எண்ணெய் 2 மேசைக்கரண்டி, சிவப்பு ஒயின் வினிகர் 1 மேசைக்கரண்டி, பொடியாக நறுக்கிய சதகுப்பை இலை 2 மேசைக்கரண்டி, உப்பு.

முதல் தவறு, சாதாரணத் தயிரை அப்படியே போடுவது. நம் வெள்ளரிப் பச்சடி சற்றே இளகி இருந்தால்தான் சோற்றோடு சேரும். துருக்கியின் தயிர்-வெள்ளரிப் பண்டமான ஜாஜிக்கில் தண்ணீர் ஊற்றியே இளக்கிக் கரண்டியால் குடிப்பார்கள். ட்ஸாட்ஸிகி அப்படியல்ல, ரொட்டியில் அள்ளினால் வழியாமல் நிற்க வேண்டும். கடையில் 'கிரீக் ஸ்டைல்' என்று விற்கும் டப்பாவை வாங்கினால் பின்பக்கத்தைப் படியுங்கள். பாலும் உறையும் மட்டும் இருந்தால் நல்லது. ஸ்டார்ச், ஜெலட்டின் என்று எழுதியிருந்தால் அது வடிகட்டாமல் கெட்டியாக்கிய தயிர். உப்பும் வெள்ளரியும் சேர்ந்தால் இளகிவிடும்.

வீட்டுத் தயிரே போதும். கிரேக்கத்தில் செம்மறியாட்டுப் பால் தயிரையும் இதற்கு எடுப்பார்கள், அதில் கொழுப்பு அதிகம். இங்கே அதற்கு நெருக்கமாக வருவது 6 சதவீதக் கொழுப்புள்ள ஃபுல் கிரீம் பால். ஒரு லிட்டரில் உறையூற்றிய, புளிக்காத தயிரை இரண்டாக மடித்த வேட்டித் துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து, அடியில் பாத்திரம் வைத்து ஃபிரிட்ஜில் 6 முதல் 8 மணி நேரம் விடுங்கள். ஏறக்குறைய பாதி எடை மிஞ்சும். சமையலறையில் வெளியே தொங்கவிட்டால் வெயில் காலத்தில் வடிவதற்குள் புளித்துவிடும். அதன்மேல் வினிகரும் சேர்ந்தால் வாயில் வைக்க முடியாது. வடிந்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம், சப்பாத்தி மாவு பிசையலாம்.

அடுத்தது வெள்ளரி. எல்லாத் தவறுகளிலும் பெரியது இங்கேதான் நடக்கிறது. வெள்ளரிக்காயில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர். துருவி அப்படியே தயிரில் போட்டால், உப்பு பட்டதும் அந்தத் தண்ணீர் மெல்ல மெல்ல வெளியே வந்துகொண்டே இருக்கும். எனவே அதைத் தயிருக்கு வெளியிலேயே எடுத்துவிட வேண்டும். காம்புப் பக்கம் ஒரு துண்டு நறுக்கி வாயில் போட்டுப் பாருங்கள், கசந்தால் அந்தக் காய் வேண்டாம். முற்றிய காயாக இருந்தால் நீளவாக்கில் பிளந்து கரண்டியால் விதையைச் சுரண்டுங்கள். துருவியின் பெரிய கண்ணில் துருவுங்கள். சின்னக் கண்ணில் துருவினால் கூழாகி, பிழியும்போது துணி வழியே வந்துவிடும்.

துருவலில் அரை டீஸ்பூன் உப்பு பிசிறி 20 நிமிடம் விடுங்கள். பிறகு துணியில் அள்ளி, நான்கு முனையையும் சேர்த்து முறுக்குங்கள். முதலில் பச்சைத் தண்ணீர் தாரையாக ஓடும், பிறகு சொட்டும், பிறகு நின்றுவிடும். பலரும் அங்கே நிறுத்திவிடுகிறார்கள். துணியைப் பிரித்து, துருவலைக் கிளறி, மறுபடி முறுக்குங்கள். இன்னும் ஒரு மடக்காவது வரும். முடிவில் ஒரு சின்ன உருண்டைதான் மிஞ்சும், உதிர்த்தால் பூவாக உதிர வேண்டும். அதில் உப்பு இருப்பதால் தயிரில் தனியாக உப்புப் போடாமல், எல்லாம் சேர்ந்த பிறகு ருசி பார்த்துப் போடுங்கள்.

பூண்டில் ஆள்கள் தாராளமாக இருக்கிறார்கள். கலந்தவுடன் ருசி பார்த்து, காரம் போதவில்லை என்று நான்கு பல் போட்டால் மறுநாள் நாக்கு எரியும். பச்சைப் பூண்டின் வாசம் தயிரில் மணிக்கணக்காக ஏறும். இரண்டு பல்லைப் பிளந்து நடுவிலுள்ள பச்சை முளையை எடுத்துவிட்டு, சிட்டிகை உப்போடு அம்மியிலோ சிறு உரலிலோ வினிகர் விட்டே நசுக்குங்கள். பூண்டு நசுங்கும்போதுதான் அந்தக் காரம் உண்டாகிறது. அதே நேரத்தில் புளிப்பும் இருந்தால் காரம் மட்டுப்படும். பூண்டுப் பொடி இதற்கு ஒத்து வராது.

எல்லாவற்றையும் மிக்ஸியில் போடுவது இன்னொரு தவறு. பிளேடு சுற்றும்போது தயிரின் கட்டமைப்பு உடைந்து மோர் போலாகிவிடும், ஆலிவ் எண்ணெயும் வேகமாக அடிபட்டால் கசக்கும். கரண்டி போதும். தயிரில் பூண்டு-வினிகர் கலவை, பிறகு எண்ணெயைச் சிறிது சிறிதாக விட்டுக் கலக்கி, கடைசியில் வெள்ளரியும் சதகுப்பையும். சதகுப்பை கிடைக்காவிட்டால் புதினா சரிதான். சைப்ரஸில் இதன் உறவான தலத்தூரி புதினாவில்தான் செய்கிறார்கள். கொத்தமல்லி, வறுத்த சீரகம் சேர்த்தால் ராய்தாவாகிவிடும். அது நல்ல பண்டம், ஆனால் வேறு பண்டம்.

பரிமாறும் முன் ஒரு மணி நேரமாவது ஃபிரிட்ஜில் இருக்கட்டும். மூடி வைத்தால் மூன்று நாள் வரை வரும்.

ஏற்கெனவே நீர்த்துப் போய்விட்டதா? கார்ன்ஃபிளவர், மயோனைஸ் எதுவும் கலக்காதீர்கள். துணி விரித்த வடிகட்டியில் சாஸை அப்படியே கொட்டி ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். கொஞ்சம் உப்பும் பூண்டு வாசமும் தண்ணீரோடு போய்விடும். ருசி பார்த்து உப்பும் எண்ணெயும் சேர்த்து, கரண்டியால் இரண்டு சுற்று கலக்கினால் போதும்.