ஸ்கூல் போற பிள்ளை தலையில பேன் இருக்கா? ஒன்பதாம் நாளை மட்டும் விட்றாதீங்க

மூணாங்கிளாஸ் படிக்கிற என் பொண்ணு ஒரு நாள் ஸ்கூல் வேன்ல இருந்து அழுதுகிட்டே இறங்கினா, பக்கத்துல யாரும் உக்கார மாட்டேங்குறாங்கன்னு. ரெட்டை ஜடையை அவுத்துப் பார்த்தா காதுக்குப் பின்னால, பிடரியில எல்லாம் ஈறு, அதான் பேன் முட்டை. முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், பேன் அழுக்கால வர்றது இல்ல. தலையோட தலை ஒட்டினா ஏறும், பறக்காது, குதிக்காது. பிள்ளையைத் திட்டாதீங்க, மொட்டை போட்டு அழ வைக்காதீங்க.

பொடுகா ஈறான்னு சந்தேகம் வந்தா விரலால தட்டுங்க. பொடுகு உதிரும், ஈறு முடியைப் பிடிச்சிட்டே இருக்கும், நகத்தால உருவினாத்தான் வரும்.

மருந்து பெர்மெத்ரின் 1 சதவீத லோஷன். இங்க பெங்களூரு அல்சூர்ல மெடிக்கல் ஷாப் பையனுக்கு பேன்னா புரியல, கன்னடத்துல 'ஹேனு'ன்னதும் எடுத்துக் குடுத்தான். அட்டையில சதவீதத்தைப் பாருங்க, 5 சதவீதம்னு இருக்கறது சிரங்குக்கானது. ரெண்டு வயசுக்குள்ள இருக்கற குழந்தைன்னா டாக்டரைக் கேக்காம வைக்காதீங்க.

சாதா ஷாம்பு போட்டு அலசி, துண்டால ஒத்தி, முடி ஈரமா இருக்கும்போதே லோஷனை வேர்ல இருந்து நுனி வரைக்கும் தடவுங்க. சரியா 10 நிமிஷம், அப்புறம் வாஷ் பேசின்ல குனிய வச்சு அலசிடுங்க, கண்ணுல படாம துணியால மூடிக்கச் சொல்லுங்க. அடுத்த ரெண்டு நாள் தலைக்கு ஊத்த வேணாம். வீட்ல மத்தவங்க தலையையும் அன்னிக்கே பார்த்துடுங்க, பேன் இருக்கறவங்க எல்லாரும் ஒரே நாள்ல போடணும்.

நான் கோட்டை விட்டது இதுக்கு அப்புறம்தான். முதல் தடவையே பேன் எல்லாம் செத்து விழுந்ததும் முடிஞ்சுதுன்னு நெனச்சு பாட்டிலைத் தூக்கி மேல வச்சுட்டேன், மூணாவது வாரம் மறுபடியும் சொறிய ஆரம்பிச்சுட்டா. என்ன நடந்துச்சுன்னா, இந்த மருந்து உயிரோட இருக்கற பேனைக் கொல்லும், ஈறு எல்லாத்தையும் கொல்லாது. ஈறு பொரிய ஒரு வாரம் பத்து நாள் ஆகும், பொரிஞ்ச குஞ்சு வளர்ந்து முட்டை போட இன்னும் ஒன்பது பன்னெண்டு நாள் ஆகும். அந்த இடைவெளியிலதான் அடிக்கணும், அதாவது ஒன்பதாம் நாள் ரெண்டாவது தடவை லோஷன். இப்போ முதல் நாளே காலண்டர்ல வட்டம் போட்டு, போன்லயும் அலாரம் வச்சுடுறேன்.

நடுவுல சீப்பு வேலை இருக்கு, மருந்தை விட எனக்கு இதுல நம்பிக்கை ஜாஸ்தி. பிளாஸ்டிக் சீப்பு வேணவே வேணாம், பல்லு வளைஞ்சு ஈறு நழுவிடும். நீளப் பல்லு, நெருக்கமா இருக்கற ஸ்டீல் பேன் சீப்பு வாங்குங்க. ஊர்ல பாட்டி மர ஈர்வலி வச்சு திண்ணையில உக்காந்து மணிக்கணக்கா இழுப்பாங்க, அந்தப் பொறுமைதான் இங்கயும் வேணும். முடியை நாலு பாகமா பிரிச்சு கிளிப் போட்டு, மண்டையைத் தொட்டு நுனி வரைக்கும் இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் வெள்ளை டிஷ்யூல தொடைங்க. பால்கனி வெளிச்சத்துல எனக்கு முக்கால் மணி நேரம் ஆகும், கதை சொல்லிக்கிட்டே செய்வேன். ரெண்டு மூணு நாளுக்கு ஒருக்கா, மூணு வாரம்.

தலையணை உறை, துண்டு, ரிப்பன் எல்லாம் நல்ல சுடுதண்ணியில தொவைங்க. தலையை விட்டு இறங்கின பேன் ரெண்டு நாள் கூட தாங்காது, அதனால வீடு பூரா பூச்சி மருந்து அடிக்காதீங்க. மண்ணெண்ணெய் தடவச் சொல்ற அத்தை பாட்டி யார் சொன்னாலும் கேக்காதீங்க, தீப்பிடிக்கற பொருள், குழந்தை தோலும் வெந்துடும்.

பின்னாடி சேர்த்தது: ரெண்டு மூணு அம்மாக்கள் லோஷன் வேலை செய்யலன்னு எழுதியிருந்தாங்க, கேட்டா லோஷனுக்கு முன்னாடி கண்டிஷனர் போட்டிருக்காங்க. அது முடி மேல படலமா நின்னு மருந்தை ஒட்ட விடாது, அன்னிக்கு வெறும் ஷாம்புதான். ரெண்டு தடவையும் சரியா போட்டும் பேன் உயிரோட ஊர்ந்தா அதே பாட்டிலை மூணாவது தடவை ஊத்தாம ஸ்கின் டாக்டர்கிட்ட காட்டுங்க, வேற மருந்து குடுப்பாங்க.