பள்ளி வெல்டிங் வகுப்புக்குப் பட்டறைக்காரர் கைகொடுக்கும் வழி

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவெறும்பூர், துவாக்குடிப் பக்கம் ஃபேப்ரிகேஷன் பட்டறை நடத்துபவருக்கு நல்ல வெல்டரின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பெல் (BHEL) நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த வட்டாரம் அது. அந்நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனமும் 1975 முதல் திருச்சியில்தான் இயங்குகிறது. ஆனாலும், அரசு மேல்நிலைப் பள்ளியின் தொழிற்கல்விப் பிரிவில் அடிப்படை இயந்திரவியல் படிக்கும் மாணவர், ஆசிரியர் ஆர்க் (உலோகத்தை உருக்கும் மின்பொறி) எழுப்பிக் காட்டியதைத் தள்ளி நின்று பார்த்ததோடு பிளஸ் டூ முடித்துவிடுவதும் நடக்கிறது. இதை மாற்றச் சிறு பட்டறை உரிமையாளர் ஒருவர் என்னென்ன செய்யலாம், எந்த வரிசையில் செய்யலாம் என்பதைக் கீழே எழுதுகிறேன்.

மெஷின் வாங்கிக் கொடுப்பதில் மட்டும் தொடங்க வேண்டாம். நான் பார்த்த ஒரு பள்ளியில், குத்துவிளக்கேற்றி ஒப்படைத்த பெரிய டிரான்ஸ்ஃபார்மர் மெஷின் ஒன்று, கொடுத்தவர் பெயர் எழுதிய பெயின்ட் மங்காமலே, தார்ப்பாய்க்கடியில் கிடந்தது. அதற்கு 415 வோல்ட் இணைப்பு வேண்டும். பள்ளியில் இருந்ததோ சிங்கிள் ஃபேஸ். ஆகவே, முதலில் தலைமையாசிரியரின் அனுமதி பெற்றுத் தொழிற்கல்வி ஆசிரியரோடு அரை நாள் உட்கார்ந்து, மின் இணைப்பு எப்படி, செய்முறைப் பட்டியலில் என்னென்ன பயிற்சிகள், வகுப்பில் எத்தனை பேர் என்பவற்றைக் கேட்டறியுங்கள். சிங்கிள் ஃபேஸ்தான் என்றால், 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் மெஷின் ஒன்று போதும். அதற்கும் தனி லைன், தனி எம்.சி.பி. (மின்சாரம் மிகுந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்), முறையான எர்த் ஆகியவற்றை உங்கள் எலக்ட்ரீஷியனை அனுப்பிப் போட்டுக் கொடுங்கள். கொடுப்பது எதுவானாலும் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தில் ஏறட்டும். தலைமையாசிரியர் மாறினாலும் அந்த ஏற்பாடு மாறாது.

உண்மையான செலவு ராடில், அதாவது ஆர்க்கில் உருகி இணைப்பை நிரப்பும் பூச்சுக் கம்பியில்தான் இருக்கிறது. 3.15 மி.மீ. ராடு ஒன்று எரிந்து முடிய ஒரு நிமிடத்திற்குச் சற்றே கூடுதலாகும். 20 மாணவர்கள் வகுப்புக்கு ஆளுக்கு 8 ராடு எரித்தால் 160. வாரத்துக்கு ஒரு வகுப்பு என 25 வாரத்துக்குக் கணக்கிட்டால் 4,000 ராடு. இந்தக் கணக்கைப் போடாமல் இரண்டு பாக்கெட் வாங்கிக் கொடுத்தால், ஒரே வகுப்பில் தீர்ந்துவிடும். தனியாக இவ்வளவு முடியாதென்றால், நான்கைந்து பட்டறைகள் சேர்ந்து மாதம் ஒருவர் என முறை வைத்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ராடின் பூச்சு ஈரம் குடித்துவிடும் என்பதால், மொத்தமாகக் கொட்டாமல் அவ்வப்போது கொடுப்பதே நல்லது.

பிளேட்டுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. உங்கள் பட்டறையில் வெட்டி மிஞ்சிய 6 அல்லது 8 மி.மீ. எம்.எஸ். (சாதாரண மென்னெஃகு) துண்டுகளை 50 மி.மீ. அகலம், 150 மி.மீ. நீளம் எனச் சீராக்கி, ஓரப் பிசிறைக் கிரைண்டரில் எடுத்து, சாக்கில் கட்டிக் கொடுங்கள். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) துண்டு ஒன்றுகூட அதில் கலந்துவிடக் கூடாது. துத்தநாகப் பூச்சு எரிந்து வரும் புகையை இழுத்தால் அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரும். பெயின்ட் அடித்த துண்டையும் எண்ணெய் ஏறிய துண்டையும் தவிர்த்துவிடுங்கள்.

பாதுகாப்பில் நம் பட்டறைப் பழக்கத்தைப் பள்ளிக்குக் கொண்டுபோகக் கூடாது. நாம் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு டாக் (துண்டுகளைப் பிடித்து வைக்கும் சிறு பொட்டு வெல்டிங்) அடிப்போம். மாணவர் அதைப் பார்த்தால் அதையே கற்றுக்கொள்வார். 10 அல்லது 11 ஆம் எண் கருப்புக் கண்ணாடி போட்ட ஹெல்மெட், தோல் கையுறை, தோல் ஏப்ரன், ஷூ ஆகியவை வெல்டிங் அடிக்கும் ஒவ்வொருவருக்கும் வேண்டும்; பாலியெஸ்டர் சீருடையோடு யாரையும் ஆர்க் அருகில் விடாமல், பருத்திச் சட்டை போடச் சொல்லுங்கள். சுற்றி நிற்பவர்களுக்காக மறைப்புத் திரையும் அவசியம். வெளிச்சம் பட்ட கண் உடனே ஒன்றும் சொல்லாது, இரவில்தான் மண்ணை அள்ளிப் போட்டது போல உறுத்தும். வெல்டிங் புகையைப் புற்றுநோய்க் காரணி என உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017 இல் வகைப்படுத்தியது. எனவே காற்றோட்டமான கொட்டகையும், புகையை இழுத்து வெளியேற்றும் மின்விசிறியும் இல்லாத அறையில் வகுப்பைத் தொடங்கவே வேண்டாம்.

இத்தனைக்கும் மேலாக நீங்கள் கொடுக்கக்கூடியது உங்கள் மூத்த வெல்டரின் நேரம். மாதத்தில் இரண்டு நாள், சம்பளத்தைப் பிடிக்காமல், ஆசிரியருக்குத் துணையாக அவரை அனுப்புங்கள். ராடு பிளேட்டில் ஒட்டிக்கொண்டால் மணிக்கட்டைத் திருப்பி எப்படி விடுவிப்பது, ஆர்க்கின் சத்தத்தைக் கேட்டே ஆம்பியர் கூடியதா குறைந்ததா என எப்படி அறிவது என்பவை புத்தகத்தில் படித்து வருவன அல்ல. டீ ஜாயின்ட்டின் (ஒரு பிளேட்டின் மேல் இன்னொன்றைச் செங்குத்தாக நிறுத்தும் இணைப்பு) ஒரு பக்கம் மட்டும் மாணவரை வெல்டிங் அடிக்கச் செய்து, ஆறிய பின் வைஸில் பிடித்துச் சுத்தியலால் அவரையே உடைக்கச் சொல்லுங்கள். மேலே அழகாகத் தெரிந்த பீடுக்குள் (வெல்டிங் அடித்த வரிக்குள்) ஸ்லாக் என்னும் கசடு சிக்கியிருப்பதையும், வேரில் உலோகம் உருகாமல் விட்டிருப்பதையும் தம் கண்ணால் பார்த்தவர் அடுத்த ஜாயின்ட்டை வேறு மாதிரி அடிப்பார்.

கணக்கு விஷயத்தில் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இலவசமாகக் கொடுத்த பொருளுக்கு எடுத்த உள்ளீட்டு வரிக் கடனை (வாங்கும்போது கட்டிய வரிக்காகக் கழித்துக்கொண்ட தொகையை), ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவின்படி திருப்ப வேண்டிவரும். பெரிய செலவென்றால், நீங்கள் ஜாப் ஒர்க் (கூலிக்குச் செய்யும் வேலை) செய்து கொடுக்கும் நிறுவனத்திடம் பேசலாம். ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாயை எட்டும் நிறுவனம், கம்பெனிகள் சட்டம் 2013 இன் 135 ஆம் பிரிவின்படி, சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும், அதில் தொழிற்கல்வியும் அடங்கும்.

மாணவர்களைப் பட்டறைக்கு அழைத்துக் காட்டலாம். ஆனால் 18 வயது நிரம்பாதவர் கையில் ராடு பிடிக்கும் ஹோல்டரைக் கொடுத்து ஆர்டர் வேலையை முடித்துக்கொள்ள நினைக்கக் கூடாது. பிளஸ் டூ முடித்து 18 நிறைந்தவரை, பழகுநர் சட்டம் 1961 இன் கீழ் உதவித்தொகையோடு எடுத்துக்கொள்ளுங்கள். 4 பேர் வேலை செய்யும் பட்டறைக்கும் அதற்கு வழி உண்டு, 30 பேர் இருந்தால் அது கட்டாயமே.