உபுண்டுல டிவிடி படம் ஓட மாட்டேங்குதா? சித்தப்பாவுக்கு போன்ல சொன்னத அப்படியே எழுதுறேன்

சித்தப்பா கம்ப்யூட்டர்ல இருந்த விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரோட சப்போர்ட் முடிஞ்சு போச்சு, புது விண்டோஸ் ஏத்துற அளவுக்கு அந்தப் பழைய மெஷினுக்குத் தெம்பும் இல்ல, சரின்னு பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ உபுண்டு 24.04ன்ற லினக்ஸ் சிஸ்டம் போட்டுக் குடுத்துட்டு வந்தேன். பிரவுசர் ஓடுது, யூடியூப் ஓடுது, மனுஷன் சந்தோஷமாத்தான் இருந்தாரு. ரெண்டே வாரம். ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் வருது, "டேய், நீ போட்டுக் குடுத்ததுல டிவிடி ஓட மாட்டேங்குதுடா, டிரைவ் போச்சா என்ன?"

டிரைவெல்லாம் போகல. இந்தக் கேள்விய எத்தனையோ பேர் கேட்டாச்சு, அதான் அன்னிக்கு ராத்திரி அவருக்கு ஒவ்வொரு எழுத்தா சொன்னத இங்க எழுதி வச்சிடலாம்னு. கமாண்டயும் போன்ல சொன்ன மாதிரியே தமிழ் எழுத்துலதான் குடுத்திருக்கேன், நீங்க டைப் பண்றப்போ இங்கிலீஷ்ல, எல்லாமே சின்ன எழுத்துல அடிக்கணும், அத மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க.

எதையும் இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி ஒரு சின்ன டெஸ்ட்

வீட்டுல கல்யாண டிவிடி ஒன்னு கண்டிப்பா இருக்கும்ல? அதப் போட்டுப் பாருங்க. சித்தப்பா அவரோட 1994 கல்யாண கேசட்ட டிவிடியா மாத்தி வச்சிருந்தாரு, அதப் போட சொன்னேன், மேளச் சத்தத்தோட ஜம்முனு ஓடுச்சு. "இது ஓடுது, காசு குடுத்து வாங்கின படம் ஓடலையே, என்னடா நியாயம்?"னு கேட்டாரு. நியாயமான கேள்விதான். ஸ்டுடியோக்காரர் சாதா காலி டிஸ்க்ல பர்ன் பண்ணிக் குடுக்கிறதுல பூட்டு எதுவும் கிடையாது. கம்பெனி போடுற பட டிவிடி நிறையதுல சிஎஸ்எஸ்னு ஒரு பூட்டு இருக்கும், 1996லயே வந்த சமாச்சாரம். அந்தப் பூட்டுக்குச் சாவி உபுண்டுவோட வர்றது இல்ல, அவ்ளோதான் விஷயம்.

ஆக கல்யாண டிஸ்க் ஓடி, பட டிஸ்க் ஓடலைன்னா உங்க டிரைவ் நல்லா இருக்கு, கீழ சொல்றத செஞ்சா போதும். ரெண்டுமே ஓடலைன்னா டெர்மினல்ல (கமாண்ட் அடிக்கிற ஜன்னல், திறக்கிறது எப்படின்னு கீழ இருக்கு) எல்எஸ்பிஎல்கே (எல், எஸ், பி, எல், கே, அஞ்சு எழுத்து, பி வந்து பஸ்ல வர்ற பி) அடிச்சு என்டர் தட்டுங்க, வர்ற லிஸ்ட்ல எஸ்ஆர்0ன்னு ஒரு வரி இருக்கணும், அதான் உங்க டிவிடி டிரைவ். அந்த வரியே இல்லைன்னா கேபிள், இல்ல டிரைவே பிரச்சனை, சாஃப்ட்வேர்ல தேடி நேரத்த வீணாக்காதீங்க.

லேப்டாப்ல யூஎஸ்பி டிரைவ் வச்சு ஓட்டுறவங்களுக்கு ஒன்னு. டக் டக்குனு சத்தம் வந்துட்டு டிஸ்க் சுத்தாம நின்னுச்சுன்னா பெரும்பாலும் கரண்ட் பத்தலைன்னு அர்த்தம். யூஎஸ்பி 2 போர்ட் 500 மில்லி ஆம்ப்தான் குடுக்கும், யூஎஸ்பி 3 போர்ட் 900 வரைக்கும் குடுக்கும், அதனால நீலக் கலர் போர்ட்ல மாத்திச் சொருகிப் பாருங்க, நடுவுல ஹப் எதுவும் வேண்டாம்.

பூட்டப் பத்தி கொஞ்சம் (அவசரம்னா தாண்டிப் போங்க)

ஃபைல் மேனேஜர்ல டிஸ்க்கத் திறந்தா வீடியோ டிஎஸ்னு ஒரு ஃபோல்டர், உள்ள விஓபின்னு முடியிற பெரிய ஃபைல் வரிசையா தெரியும், ஒவ்வொன்னும் ஒரு ஜிபிக்குள்ள. "எல்லாம் தெரியுதே, அப்புறம் ஏன் ஓடல?"ன்னு நிறைய பேர் குழம்புறது இங்கதான். வாசக்கதவு திறந்துதான் இருக்கு, உள்ள இருக்கிற பீரோதான் பூட்டியிருக்கு. ஃபைல் பேரெல்லாம் தெரியும், உள்ள இருக்கிற படம் கலைச்சுப் போட்ட சீட்டுக்கட்டு மாதிரி கிடக்கும், அதனாலதான் சாவி இல்லாம ஓட்டினா சில டிஸ்க்ல பச்சையும் பிங்க்குமா கட்டம் கட்டமா வருது.

சாவி 40 பிட் நீளம். மொத்தமா எண்ணினா கிட்டத்தட்ட 1.1 லட்சம் கோடி சாவி, கேட்கப் பெருசுதான், ஆனா பூட்டோட டிசைனே ஓட்டையா இருந்ததால அத்தனையும் முயற்சி பண்ணவே தேவைப்படல. 1999ல நார்வேல ஜான் லெக் யோஹான்சன்னு 15 வயசுப் பையன் இத உடைக்கிற டிசிஎஸ்எஸ் புரோகிராம வெளியிட்டான், கேஸ் போட்டாங்க, 2003ல ரெண்டு கோர்ட்டும் அவன விடுதலை பண்ணிடுச்சு. சொந்தமா காசு குடுத்து வாங்குன டிஸ்க்க சொந்த கம்ப்யூட்டர்ல பார்க்கிறது குத்தமான்றதுதான் அங்க பேச்சே. இப்போ நாம போடப் போற சாவி, விஎல்சின்ற வீடியோ பிளேயர பண்ற அதே வீடியோலான் ஆளுங்களோட லிப்டிவிடிசிஎஸ்எஸ்ன்ற லைப்ரரி.

அப்போ உபுண்டுவே இத சேர்த்துக் குடுத்தா என்னன்னா, அமெரிக்காவுல 1998ல வந்த டிஎம்சிஏ சட்டம் இந்த மாதிரி பூட்டத் திறக்கிற சாமான விநியோகம் பண்றதையே தப்புன்னு சொல்லுது, அந்தத் தலைவலி நமக்கெதுக்குன்னு விட்டுட்டாங்க. நம்ம நாட்டுல 2012ல சேர்த்த 65ஏ பிரிவு பதிப்புரிமைய மீறுற நோக்கத்தோட பூட்ட உடைச்சாத்தான் தண்டனைன்னு சொல்லுது. வாங்கின டிஸ்க்க வீட்டுல போட்டுப் பார்க்கிறது வேற, காப்பி அடிச்சு விக்கிறது வேற, ரெண்டாவதுக்கு நான் வரலப்பா.

சரி, வேலைய ஆரம்பிப்போம்

கன்ட்ரோல், ஆல்ட், டி (டேபிள்ல வர்ற டி) மூணையும் சேர்த்து அமுக்கினா டெர்மினல் திறக்கும். முதல் வரி:

சூடோ ஏபிடி அப்டேட்

சூடோன்னா எஸ், யூ, டி, ஓ, இந்த டி டாக்டர்ல வர்ற டி. ஏபிடின்னா ஏ, பி, டி, அதுல பி வந்து பென்சில்ல வர்ற பி, டி வந்து டேபிள்ல வர்ற டி. வார்த்தைக்கு வார்த்தை ஒரு ஸ்பேஸ் விடணும். என்டர் தட்டினதும் பாஸ்வேர்டு கேட்கும், இங்கதான் சித்தப்பா பத்து நிமிஷம் நின்னுட்டாரு, "அடிக்கிறேன் அடிக்கிறேன், ஒன்னுமே விழ மாட்டேங்குது, கீபோர்டும் போச்சு போல"ன்னு. பாஸ்வேர்டு அடிக்கிறப்போ ஸ்கிரீன்ல புள்ளி கூட வராது, அது அப்படித்தான், கண்ண மூடிட்டு அடிச்சு என்டர் தட்டுங்க.

அது முடிஞ்சதும் பிளேயர்:

சூடோ ஏபிடி இன்ஸ்டால் விஎல்சி

ஆப் சென்டர்ல கிளிக் பண்ணியே விஎல்சி போடலாமேன்னு தோணும். அங்க கிடைக்கிறது ஸ்னாப் வெர்ஷனா இருக்கும், அது தனி டப்பாக்குள்ள ஓடுற மாதிரி, சிஸ்டத்துல நாம வெளிய போடுற லைப்ரரிய எடுத்துக்காது. ஏற்கனவே ஸ்னாப்ல போட்டிருந்தா எடுத்துட்டு இத போடுங்க, ரெண்டையும் வச்சுக்கிட்டு எத திறக்கிறோம்னு தெரியாம முழிக்கிறவங்க நிறைய பேர்.

இப்போ முக்கியமான வரி:

சூடோ ஏபிடி இன்ஸ்டால் லிப்டிவிடி-பிகேஜி

அந்தக் கடைசி வார்த்தை எல், ஐ, பி, டி, வி, டி, நடுவுல மைனஸ் கோடு, பி, கே, ஜி. முதல்ல வர்ற பி பஸ்ல வர்ற பி, கோட்டுக்கு அப்புறம் வர்றது பென்சில் பி, ஸ்பேஸ் எங்கயும் கிடையாது. அப்படி ஒரு பேக்கேஜே இல்லைன்னு சொன்னா மல்டிவெர்ஸ்ன்ற உபுண்டுவோட பேக்கேஜ் கிடங்கு ஆஃப்ல இருக்குன்னு அர்த்தம், சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்னு தேடித் திறந்து அதுல மல்டிவெர்ஸ் டிக் பண்ணிட்டு மறுபடி முதல் வரியில இருந்து வாங்க.

இன்ஸ்டால் ஓடிட்டு இருக்கிறப்போ திடீர்னு ஊதா ஸ்கிரீன் வந்து நடுவுல ஒரு பெட்டி நிக்கும். பயப்படாதீங்க, வைரஸ் இல்ல. வீடியோலான் சைட்ல இருந்து சோர்ஸ் கோட எடுத்து இங்கயே தயார் பண்ணப் போறேன்னு சொல்லுது. மவுஸ் அதுல வேலை செய்யாது, டேப் கீய அமுக்கினா ஓகே பட்டன் கலர் மாறும், அப்புறம் என்டர். அடுத்து தானா அப்டேட் பண்ணிக்கட்டுமான்னு கேட்டா எஸ் குடுங்க.

இதோட முடிஞ்சிருச்சுன்னு நினைச்சு டிஸ்க்கப் போட்டு, ஓடலைன்னு திட்டுறவங்கதான் பாதிப் பேர். இப்போ வந்தது சாவி செய்ற பட்டறை, சாவி இன்னும் செய்யல. ஒரு பேக்கேஜ் இன்ஸ்டால் ஆகிட்டு இருக்கிறப்போ அதுக்குள்ள இருந்தே இன்னொன்ன இன்ஸ்டால் பண்ண ஏபிடி விடாது, அதனால தனியா ஒரு தடவை சொல்லணும்:

சூடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் லிப்டிவிடி-பிகேஜி

சூடோவுக்கு அடுத்த வார்த்தை டி (டாக்டர்ல வர்ற டி), பென்சில் பி, கே, ஜி, மைனஸ் கோடு, அப்புறம் ஆர், ஈ, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி, யூ, ஆர், ஈ. மறுபடி அதே ஊதா பெட்டி, அதே ஓகே. இந்தத் தடவை டெர்மினல்ல வரி வரியா எழுத்து ஓடும், கம்பைல் ஆகுது, முடியிற வரைக்கும் ஜன்னல மூடிடாதீங்க. முடிஞ்சதும் டிபிகேஜி, ஒரு ஸ்பேஸ், மைனஸ் எல், ஒரு ஸ்பேஸ், லிப்டிவிடிசிஎஸ்எஸ்2ன்னு அடிச்சுப் பாருங்க, கடைசி வரியோட ஆரம்பத்துல ஐஐன்னு ரெண்டு எழுத்து இருந்தா சாவி ரெடி. ரீஸ்டார்ட் எதுவும் தேவையில்ல.

உபுண்டு இல்லாம வேற லினக்ஸ் வச்சிருந்தா: ஃபெடோரா ஆளுங்களுக்கு ஆர்பிஎம் ஃப்யூஷன்ல டெயின்டட்னு ஒரு தனி ரெப்போ (பேக்கேஜ் கிடங்கு) இருக்கு, அதுல இதே லைப்ரரி. ஆர்ச்ல பேக்மேன்ல ஒரே வரி, ஆர்ச் வச்சிருக்கவங்க இத படிக்கப் போறதில்ல, விடுங்க.

படத்தப் போடுறது

விஎல்சியத் திறந்து மீடியா மெனு, ஓபன் டிஸ்க், டிவிடின்னு இருக்கிறத செலக்ட் பண்ணி, டிஸ்க் டிவைஸ் இடத்துல எஸ்ஆர்0ன்னு முடியிறது இருக்கான்னு பார்த்து பிளே. முதல் தடவை ஒரு டிஸ்க்கப் போடுறப்போ கொஞ்ச நேரம் ஒன்னும் வராம சும்மா சுத்தும், சாவி தேடுது, பொறுங்க. மெனுலயே சிக்கி நிக்குது, இல்ல அந்த எச்சரிக்கை கார்டுலயே நிக்குதுன்னா அதே ஜன்னல்ல நோ டிஸ்க் மெனுஸ்னு ஒரு டிக் இருக்கு, அதப் போட்டா நேரா படத்துக்குப் போயிடும்.

சித்தப்பா போட்டது ஒரு கறுப்பு வெள்ளைப் படம். ஓடுச்சு. ஓடின அடுத்த நிமிஷமே, "முகம் திரும்புறப்போ எல்லாம் சீப்பு வச்சு இழுத்த மாதிரி கோடு விழுதே"ன்னாரு. அது டிஸ்க் கோளாறு இல்ல, பழைய டியூப் டிவிக்காக ஒரு ஃபிரேம ஒத்தை வரி, ரெட்டை வரின்னு ரெண்டாப் பிரிச்சு எழுதினது, மானிட்டர்ல சேர்த்துக் காட்டுறப்போ பிசிறடிக்குது. வீடியோ மெனுல டீஇன்டர்லேஸ் ஆன், மோடுல யாடிஃப். கோடு போயிடும்.

இன்னும் ஓடலையா

வெளிநாட்டுல இருந்து யாராவது வாங்கிட்டு வந்த டிஸ்க்கா பாருங்க. பட டிவிடிக்கு எந்த ஊருல ஓடணும்னு ரீஜியன்னு ஒரு நம்பர் இருக்கும், இந்தியா ரீஜியன் 5, அமெரிக்கா 1, ஐரோப்பா 2. டிரைவுக்குள்ளயும் இந்த நம்பர் இருக்கும், மொத்தமே 5 தடவைதான் மாத்த முடியும், அப்புறம் கடைசியா வச்ச நம்பர்லயே நின்னுடும். நிறைய டிரைவ்ல நம்ம லைப்ரரி ரீஜியன் சேராட்டியும் படத்த எடுத்துடும், அதனால அவசரப்பட்டு மாத்தாதீங்க. புது டிரைவ்ல நம்பரே வைக்காம இருந்தா மட்டும் ரீஜியன்செட்ங்கிற சின்ன பேக்கேஜப் போட்டு ஒரு தடவை 5ன்னு வச்சு விட்டுடுங்க.

நேத்து வரைக்கும் ஓடின டிஸ்க் இன்னிக்கு கட்டம் கட்டமா வந்தா ஹோம் ஃபோல்டர்ல கன்ட்ரோல் எச் அமுக்கி மறைஞ்சிருக்கிற டாட் டிவிடிசிஎஸ்எஸ் ஃபோல்டர அழிச்சுட்டுப் போடுங்க, பழைய சாவிய சேர்த்து வைக்கிற இடம் அது, அழிச்சா புதுசா தேடிக்கும்.

கீறல் விழுந்த டிஸ்க்க சட்டைல வட்டமா தேய்க்காதீங்க. தகவல் வட்ட வட்டமாத்தான் எழுதியிருக்கு, வட்டமா விழுற கீறல் ஒரே தடத்த நீளத்துக்கு அழிச்சிடும், குறுக்க விழுறத டிரைவே ஓரளவு சரி பண்ணிக்கும். நல்ல பருத்தித் துணியால நடுவுல இருந்து வெளிப்பக்கமா நேரா துடைங்க.

அடுத்தது விசிடி. ஒரு காலத்துல 28 ரூபாய்க்கு மோசர் பேர் டிஸ்க் வாங்கிக் குவிச்ச வீடு எத்தனை! அதுல பூட்டே கிடையாது, மேல சொன்ன எதுவும் வேண்டாம், ஓபன் டிஸ்க்ல விசிடின்னு மாத்திக் குடுத்தா போதும். எம்பெக்ஏவி ஃபோல்டர்ல இருக்கிற டேட் ஃபைல இழுத்து காப்பி பண்ணப் பார்த்தா மட்டும் இன்புட் அவுட்புட் எரர் வரும், டிஸ்க் கெட்டுப் போச்சுன்னு தூக்கிப் போட்டுடாதீங்க. விசிடில படத்த சாதா ஃபைல் மாதிரி எழுதல, செக்டர் அளவே வேற, அதுக்கு விசிடிஇமேஜர் பேக்கேஜ்ல இருக்கிற விசிடிஎக்ஸ்ரிப் வச்சுத்தான் எடுக்கணும்.

புளூரே டிஸ்க்குக்குப் பூட்டே வேற, ஏஏசிஎஸ்னு பேரு, இங்க சொன்ன எதுவும் அதுக்கு உதவாது.

படம் முடிஞ்சு பதினொன்றரைக்கு சித்தப்பா மறுபடி போன் பண்ணாரு, டிஸ்க் வெளிய வரலைன்னு. விஎல்சிய மூடாம பட்டன அமுக்கிட்டு இருந்திருக்காரு. மூடிட்டு டெர்மினல்ல இஜெக்ட்னு ஒரே வார்த்தை அடிச்சா ட்ரே வந்துடும். அதுக்கும் வரலைன்னா டிரைவ் முகப்புல குண்டூசித் தலை அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும், கம்ப்யூட்டர ஆஃப் பண்ணிட்டு, ஜெம் கிளிப்ப நிமித்தி அதுல நேரா ஒரு அமுக்கு.