பட்டறை ப்ளோயரைச் சமையல் அடுப்பாக்கும் முறை

கடலூர் முதுநகர்ப் பக்கத்துக் காயலான் கடைகளில், கொல்லுலைக்குக் காற்றடிக்கக் கையால் சுற்றிய பழைய ப்ளோயர் இன்றும் எப்போதாவது கண்ணில் படும். அதனோடு, கரி எரியும் கிண்ணமாக வைக்க, வேன் சக்கரத்தின் வார்ப்பிரும்பு பிரேக் டிரம் ஒன்றையும் வாங்கினால், மின்சாரமும் எரிவாயுவும் வேண்டாத நல்ல கரி அடுப்பு ஒன்றைச் செய்துவிடலாம். 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல் அடித்து, நாள் கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்ததை அனுபவித்தவர்களுக்கு இதன் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. பட்டறைச் சாமானைச் சமையலுக்குக் கொண்டுவரும்போது அதன் வேகத்தையும் காற்றையும் மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்; அதன் உலோகமும் எண்ணெயும் உணவில் படவே கூடாது. டிரில்லிங் மெஷினில் துடுப்பை மாட்டி மாவு பிசைபவர்களைப் பார்த்திருக்கிறேன். மேலிருந்து கிரீஸ் சொட்டும் இடத்துக்கு நேர் கீழே பாத்திரத்தை வைக்கும் அந்த யோசனை எனக்கு உடன்பாடில்லை.

டிரம்மை வாங்குமுன் அதைத் தரையில் படாமல் தொங்கவிட்டுச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் வாங்கலாம். ஓட்டைப் பானை போல் மந்தமாக ஒலித்தால் எங்கோ விரிசல் இருக்கிறது. ஐந்தாறு பேருக்குச் சமைக்க 10 அங்குல உள்விட்டம் போதும். பழைய பிரேக் லைனிங்குகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருந்திருக்கக்கூடும் என்பதால், உள்ளே படிந்துள்ள தூளை ஊதவோ உலர்ந்த பிரஷ்ஷால் தேய்க்கவோ கூடாது. நன்றாக நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பிறகு சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் இரண்டு முறை கழுவுங்கள்.

டிரம்மின் நடுத்துளையை மூடுமாறு, 6 மி.மீ. துளைகள் பத்துப் பன்னிரண்டு போட்ட கனத்த இரும்புத் தகட்டை வையுங்கள். அதன் கீழே 2 அங்குல ‘T’ வடிவக் குழாய் மூட்டு ஒன்று வர வேண்டும்: பக்கவாட்டு வாய் ப்ளோயருக்கு, அடிவாய் சாம்பல் விழுவதற்கு. அடிவாய்க்குத் திறந்து மூடும் தகட்டுக் கதவு ஒன்று போதும். குழாயும் மூட்டும் பூச்சில்லாத கறுப்பு இரும்பாகவே இருக்கட்டும். முதன்முறை நான் மலிவாகக் கிடைத்த, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயைப் பொருத்தினேன், மூட்டுப் பகுதி சிவந்ததும் வெண்புகை கிளம்பியது, அன்றிரவு குளிர்க்காய்ச்சலில் நடுங்கினேன். துத்தநாகப் பூச்சு சுமார் 420 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும், மேலும் சூடேறினால் ஆவியாகும். அந்தப் புகைதான் காய்ச்சலைத் தருவது.

ப்ளோயரின் பல்சக்கரப் பெட்டியில் கெட்டிப்பட்ட எண்ணெயை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, வடித்து உலரவிட்டுப் புது எஞ்சின் எண்ணெய் ஊற்றுங்கள். பழைய பெட்டிகளில் எண்ணெய் கசிவது சகஜம் என்பதால், ப்ளோயரைப் பாத்திர மட்டத்துக்குக் கீழே, அடுப்பிலிருந்து முழு நீளக் கை எட்டும் தொலைவில் நிறுத்தி, அடியில் ஒரு தட்டு வைத்துவிடுங்கள். டிரம் விளிம்பின் மேல் 12 மி.மீ. கம்பித் துண்டுகள் மூன்றை, பாத்திரம் ஒன்றரை அங்குலம் உயர்ந்து நிற்கும்படி பற்றவையுங்கள்; அந்த இடைவெளி இல்லாவிட்டால் தீ மூச்சுத் திணறும்.

முதல் இரண்டு முறை உணவில்லாமல், திறந்த வெளியில், ஒரு மணி நேரம் கரியை எரித்துப் பழைய பெயின்ட்டும் எண்ணெய்ப் பசையும் போகவிடுங்கள். புகை போகும் பக்கம் நிற்காமல், காற்று வரும் பக்கம் நில்லுங்கள், குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். கரிக்கு நம் கடலோரச் சவுக்கோ கொட்டாங்கச்சியோ அருமையானவை. பண்ருட்டிப் பக்கம் கிடைக்கும் முந்திரி ஓடு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம், அதன் எண்ணெய் தோலையும் கண்ணையும் எரிக்கும். மூடிய அறையில் ஒருபோதும் மூட்டாதீர்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது.

கைப்பிடியைச் சுற்றும் பழக்கம் இரண்டே நாளில் வந்துவிடும். உலை கொதிக்க விரைந்து சுற்றலாம், மீன் வறுக்கும்போதோ பத்து நொடிக்கு ஒரு சுற்றே அதிகம். இரும்புக் கடாய் இதற்கு ஏற்றது. ஈயம் பூசிய பித்தளையைத் தண்ணீரில்லாமல் வைத்தால் பூச்சு வழிந்துவிடும், அலுமினியமோ ஓட்டையாகிவிடும்.

நடுவில் சுற்றுவதை நிறுத்தும்போதெல்லாம் சாம்பல் கதவைச் சற்றுத் திறந்துவையுங்கள். இல்லாவிட்டால் கரிவாயு குழாயில் தேங்கி, மறுபடி சுற்றும்போது பட்டென வெடிக்கும். சமையல் முடிந்ததும் தணலைத் தகர டின்னில் போட்டு மூடி அணையுங்கள். சுட்ட டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் வார்ப்பிரும்பு பிளந்துவிடும். அது தானே ஆறட்டும். ஆறிய பிறகு சாம்பலைத் தட்டி, உப்புக்காற்றில் துருவேறாமலிருக்கச் சமையல் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்துக் கவிழ்த்து வையுங்கள்.