பாணுக்கும் காசு: லிஸ்பனில் சாப்பிடப் போகும் நம்மவர் விடும் பிழைகள்

திருகோணமலை உவர்மலையில் இருந்து வேலைக்குப் போன மருமகன் போன கிழமை லிஸ்பனில் இருந்து ஒரு பில்லைப் படம் பிடித்து அனுப்பினான். "மாமா, கேட்காமல் வைச்ச பாணுக்கும் காசு போட்டிருக்கிறாங்கள்." எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே ஊரில் அதே பாணில் மாட்டினவன் நான். ஊர் திரும்பிய பிறகு, புறப்படுகிற ஒவ்வொரு பெடியனுக்கும் சொல்லி அனுப்புகிறேன். ஒருத்தன்கூட நினைவில் வைப்பதில்லை. முள்ளுக்கரண்டி எந்தக் கையில் என்பதெல்லாம் பார்த்துப் பழகலாம், விடுங்கள்.

தானாக வந்த தட்டு

முதல் சம்பளத்தில் மூன்று பேர் போனோம். உட்கார்ந்ததும் பாண், பட்டர், ஒலிவ் காய், சின்ன வட்டச் சீஸ், மீன் பேஸ்ட் எல்லாம் மேசைக்கு வந்தன. என்ன உபசரிப்பு என்று துடைத்துத் தின்றோம். போதாதென்று இன்னும் கொஞ்சம் பாண் கேட்டு வாங்கினேன். பில்லைப் பார்த்தால் ஒரு ஆளின் சாப்பாட்டுக் காசு கூட. சண்டைக்கு நின்றேன். பரிமாறியவர் மெனுவில் 'கூவேர்', அதாவது சாப்பாட்டுக்கு முதல் மேசையில் வைக்கிற சில்லறைத் தட்டுகள், என்ற வரியைத் தொட்டுக் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் விலை போட்டிருந்தது.

இன்றைக்கும் எரிச்சல் என்மேல்தான். நம்மூர்த் தேத்தண்ணிக் கடையில் கேட்காமலே ரோல்ஸ், வடை, பற்றிஸ் தட்டு நிறைய வைப்பார்கள். எடுத்ததை எண்ணிக் காசு வாங்குவார்கள். அதில் வளர்ந்தவனுக்கு இது விளங்கியிருக்க வேண்டாமா? கோணேசர் கோயிலை இடித்த கல்லில் கோட்டை கட்டிய போர்த்துக்கேயரின் ஊரில் போய், பாணுக்குக் காசு கேட்டதை அநியாயம் என்று கத்தியிருக்கிறேன். பாண், மேசை, கதிரை எல்லாம் அவர்கள் விட்டுப்போன சொற்கள் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

கேட்காத, தொடாத கூவேருக்குக் காசு வாங்க அங்கே சட்டம் விடாது. ஆனால் ஒரு துண்டு கிள்ளினாலும் கதை முடிந்தது. வேண்டாம் என்றால் வந்த உடனேயே எடுத்துப்போகச் சொல்லுங்கள். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். வெட்கப்பட்டுப் பேசாமல் இருப்பவன்தான் பசியில் கை வைக்கிறான்.

ஆளுக்கொரு முழு டோஸ்

பல கடைகளில் ஒரு 'டோஸ்', அதாவது ஒரு முழுப் பங்கு, இரண்டு பேருக்குக் காணும். 'மேயா டோஸ்', அதாவது பாதி, கேளுங்கள்.

பக்கலியாவைக் கருவாடு என்று நினைப்பது

உப்பிட்டுக் காயவைத்த கொட் மீன்தான். ஆனால் ஒரு நாளுக்கு மேல் ஊறவைத்து, தண்ணீர் மாற்றி மாற்றி உப்பை இறக்கிவிட்டுத்தான் சமைப்பார்கள். நம்ம கருவாட்டின் உப்பையும் உறைப்பையும் தேடினால் ஏமாற்றம். முதலில் 'அ பிராஸ்' எடுங்கள்: மீனை உதிர்த்து, வெங்காயம், மெல்லிய உருளைக்கிழங்குப் பொரியல், முட்டை போட்டுக் கிளறியது. கொத்து ரொட்டி தின்ற வாய்க்கு உடனே பிடிபடும்.

வெள்ளிக்கிழமை சூப்

'கால்டோ வேர்டே' பச்சைக் கீரைச் சூப்தான். ஆனால் மேலே மிதக்கும் துண்டு பன்றி இறைச்சி; வெள்ளிக்கிழமை மச்சம் தொடாதவர்கள் கவனம்.

நண்டு, இறால்

மெனுவில் இருப்பது அனேகமாகக் கிலோ விலை. மீன் சந்தையில் கேட்பதுபோல, நிறுத்துக் காட்டச் சொல்லிவிட்டுத் தலையாட்டுங்கள்.